மழைக் கணக்கு போதாது, கம்பியைக் குத்திப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காடுகளில் எல்லாரும் கேட்பது, எத்தனை மழை பெய்தது என்றுதான். ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று கேட்பவர் குறைவு. மழை நின்ற பிறகு தை, மாசி வரை பயிரைக் காப்பாற்றுவது அந்த ஆழத்து ஈரம்தான்.

காய்ந்து கிடக்கும் கரிசலில் 50 மி.மீ. மழை ஒரு சொட்டும் ஓடாமல் இறங்கினாலும் ஏறக்குறைய ஓர் அடிதான் நனையும். வெடிப்பு வழியாக முதல் மழை ஆழம் போகும். மண் உப்பி வெடிப்பு மூடியதும் இறங்குவது மிக மெதுவாகிவிடும். நன்றாக நனைந்த ஒரு மீட்டர் ஆழக் கரிசலில் பயிர் எடுக்கக்கூடிய நீர் 150 முதல் 200 மி.மீ. வரை இருக்கும்.

"மண்ணில் ஈரம் இருக்கே, பயிர் ஏன் வாடுது?" என்று கேட்கிறார்கள். கரிசல், தன் காய்ந்த எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீரை வேருக்கு விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கையில் சில்லென்று படும் அந்த ஈரம் பயிருக்கு உதவாது. தேரிக்காட்டுச் செம்மணலில் இந்தச் சிக்கல் இல்லை. இருப்பதில் பெரும்பகுதியைப் பயிர் எடுத்துவிடும்.

இன்னொன்று, கரிசலில் ஈரம் வேரைத் தேடி வராது. வேர்தான் போக வேண்டும். உளுந்து இரண்டு அடியோடு பெரும்பாலும் நின்றுவிடும். சோளமும் பருத்தியும் தடையில்லாவிட்டால் நாலைந்து அடி போகும். கதிர் பால் பிடிக்கும்போது கீழிருந்து கிடைக்கும் கொஞ்ச நீரும் மணியாக மாறும். ஈரம் வடிந்து மண் பதம் வருமுன் டிராக்டர் விட்ட காட்டில் அரை அடிக்குக் கீழே மண் இறுகி, வேர் பக்கவாட்டில் ஓடும். அதை உடைக்க உளிக்கலப்பையைக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது, மூன்று வருசத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். ஈரத்தில் ஓட்டினால் களி வழவழவென்று அப்பிக்கொள்ளும். காசும் போச்சு, மண்ணும் போச்சு.

சோதிக்க நாலடி நீளம், 10 மி.மீ. கனமுள்ள இரும்புக் கம்பி போதும். நுனியில் கம்பியைவிடச் சற்றே பெரிய குண்டு ஒன்றை வெல்டு வைத்து, மேலே கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள். குண்டு இல்லாவிட்டால் கம்பி பக்கவாட்டில் உரசி, காய்ந்த இடம் என்று ஏமாற்றும். பெருமழை முடிந்து மூன்று நாலு நாள் கழித்து, வெடிப்பு இல்லாத பத்து இடங்களில், அடிக்காமல் உடல் பலத்தால் அழுத்துங்கள். நின்ற இடம் ஈரத்தின் எல்லை. 'கரக்' என்று சத்தம் கேட்டால் அது சுக்கான்கல், அதாவது மண்ணுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கட்டி. அந்தக் குத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டடிக்குள் நின்றுவிட்டால் சோளத்தில் நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்து விடுங்கள், மேலுரமாக யூரியா போடாதீர்கள். இலை செழித்து, இருக்கிற ஈரத்தைப் பூக்கும் முன்பே குடித்துவிடும். மூன்றடி தாண்டினால் தயங்காமல் போடலாம். களையை மட்டும் எந்தக் காட்டிலும் விட்டுவைக்கக் கூடாது.