ஜெர்சி விற்க வந்தவனா குபோ?

ஜப்பான் கால்பந்து வீரர் குபோவை ஆட்டத்துக்காக இல்லை, ஜெர்சி விற்கத்தான் வாங்கினார்கள் என்று கிண்டலடித்து ஒரு அண்ணன் போட்ட பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "ஜப்பானிய மெஸ்ஸி எங்கப்பா? ஜெர்சி விற்க வாங்கின ஆள்தானே!" கூடவே சிரிப்பு எமோஜி வேறு. பதிவு போட்ட அண்ணனிடம் ஒரே கேள்வி: மேட்ச் பாத்தீங்களா?

மெஸ்ஸி பட்டம் பத்திரிகைக்காரர்கள் சூட்டியது. தகேஃபுசா குபோ 10 வயதில் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் அகாடமிக்குப் போன பையன். வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று ஃபிஃபா பிடித்தது கிளப்பை. ஆட முடியாமல் 2015இல் மூட்டை கட்டி ஊர் திரும்பியது இவர். பட்டம் நீங்க கொடுப்பீங்க, அதையே வைத்து அடிப்பதும் நீங்களா?

"ரியல் மாட்ரிட் 2019இல் வாங்கி ஒரு மேட்ச்கூடக் கொடுக்கவில்லையே" என்பீர்கள். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகாவில் ஒரு கிளப்புக்கு அப்போது மூன்றே இடம். வினிசியஸ், ரோட்ரிகோ, மிலிட்டாவ் என்று மூன்று பிரேசில்காரர்கள். முடிந்தது கணக்கு. இவரை மயோர்கா, வில்லார்ரியல், ஹெடாஃபே, மறுபடியும் மயோர்கா என்று வேறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது இரவலாக, அலையவிட்டார்கள்.

அப்புறம் 2022இல் இன்னொரு ஸ்பானிஷ் கிளப்பான ரியல் சோசியதாத். அடுத்த வருஷம் மே 2, எதிரில் அதே ரியல் மாட்ரிட். மிலிட்டாவ் கோல்கீப்பருக்குத் தள்ளிய அரைகுறை பாஸை மோப்பம் பிடித்துப் பாய்ந்து உள்ளே போட்டார் குபோ. 2-0, சோசியதாத் வெற்றி. லீக்கில் அந்த சீசன் 9 கோல், டீம் நான்காம் இடம், ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி. மேட்ச் பாத்தீங்களா?

சரி, அடுத்தடுத்த சீசன்களில் லீக் கோல் 7, 5 என்று இறங்கியது. இல்லை என்று சொல்லவில்லை. கூட ஆடிய சில்வா ஓய்வு பெற்றார், சோர்லோத் போனார், மெரினோவும் போனார், இவர் மட்டும் தனியாக என்ன செய்வார்? போதும், இதற்கு மேல் இதைப் பேச விருப்பமில்லை.

ஸ்கூல் நாட்களில் மாவட்ட டீம் செலக்‌ஷனுக்குப் போனேன். இரவல் பூட்ஸ், நுனியில் பேப்பர் திணித்தது. பந்தைத் தொடும் முன்பே ஒரு சார், "உடம்பு பத்தாது தம்பி, ஓரமா நில்லு" என்றார். எனக்கும் குபோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கமெண்டில் வருவீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்க்காமலே ஒருத்தனை எடை போட்டால் எனக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் வலென்சியா மைதானத்தில் வார்ம்-அப் செய்த குபோவைப் பார்த்து கேலரியிலிருந்து இனவெறிப் பேச்சு பேசினார்கள். வெள்ளைக்காரன் பேசினால் நமக்குக் கொதிக்கிறது. அந்தப் பதிவுக்குக் கீழே "சப்பை மூக்கு" என்று கமெண்ட் போட்டிருப்பது யார்? நம்ம பசங்கதானே? அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார் அண்ணன்.

ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. டெலீட் செய்து பயனில்லை. "ஜாலிக்குச் சொன்னேன் ப்ரோ" என்று இங்கே வருபவர்களுக்கு நேராக பிளாக்.