'லெட் இட் பி' பற்றி ஒரு சின்னத் திருத்தம்

பீட்டில்ஸ் இசைக்குழு கடைசியாகச் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம் 'லெட் இட் பி' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிரவும் செய்திருக்கிறீர்கள். கடைசியாக வெளிவந்தது அதுதான், 1970 மே 8. ஆனால் அதன் பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே பதிவாகிவிட்டது. லண்டன் சாவில் ரோ கட்டட மொட்டை மாடியில் ஜனவரி 30 அன்று குளிரில் நின்று வாசித்தார்களே, அந்தக் கச்சேரியின் மூன்று பாடல்கள் இந்த ஆல்பத்தில் அப்படியே இருக்கின்றன.

'ஆபி ரோடு' ஆல்பம்தான் அதற்குப் பிறகு, முக்கியமாக 1969 கோடையில் உருவாகி, செப்டம்பர் 26 அன்று வெளியானது. ஜனவரியில் பதிவான ஒலிநாடாக்கள் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 1970இல் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கைக்குப் போய்தான் 'லெட் இட் பி' ஆல்பமாயின. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 1970 ஜனவரியில் 'லெட் இட் பி'க்காக 'ஐ மீ மைன்' பாடலைப் புதிதாகப் பதிவு செய்தது உண்மைதான். ஆனால் அந்தப் பதிவில் குழுவின் ஜான் லெனன் இல்லை.

சரிபார்ப்பது எளிது. பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' ஆவணப்படத்தில் 1969 ஜனவரி நாட்காட்டியில் நாள் நாளாக அடித்துக்கொண்டே போவார்கள்; 'லெட் இட் பி' பாடல்கள் அங்கே உருவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் தொகுத்த ஒலிப்பதிவுக் குறிப்புகள் நாள்வாரியாகவே இருக்கின்றன. 'ஆபி ரோடு' பாடல்களுக்கு எதிரே உள்ள தேதிகளைப் பாருங்கள். தங்களுக்குள் நடந்த அத்தனை சண்டைக்குப் பிறகும் அவர்கள் மறுபடி கூடி உழைத்தது அந்த ஆல்பத்துக்காகத்தான். அந்தப் பெருமை அதற்கே சேர வேண்டும்.