கிரிக்கெட் ஹாம்பிள்டனில் பிறக்கவில்லை

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹாம்பிள்டன் கிராமத்து கிளப்தான் கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் சொல்வதுதான், ஆனால் தவறு. அந்த கிளப் பேர் வாங்கியது 1760-களுக்கு அப்புறம். அதற்கு ரொம்ப முன்பே, 1598 வாக்கில், கில்ஃபோர்டில் நடந்த ஒரு நில வழக்கில் 59 வயது ஜான் டெரிக் என்பவர், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது நண்பர்களோடு அந்த இடத்தில் கிரிக்கெட் ஆடியதாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டால் 1550 பக்கம் வருகிறது. எழுதப்பட்ட விதிகளும் 1744-லேயே வந்துவிட்டன.

அதற்காக ஹாம்பிள்டனைக் குறைத்துப் பேசவும் கூடாது. மைதானத்துக்கு எதிரே மதுக்கடை நடத்திய ரிச்சர்ட் நைரன்தான் கேப்டன். 1777-ல் இவர்கள் இங்கிலாந்து அணியையே ஓர் இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் சாய்த்தார்கள், ஜேம்ஸ் எய்ல்வர்ட் மட்டும் 167 ரன். 1771-ல் எதிரணி ஆட்டக்காரர் தாமஸ் ஒயிட் ஸ்டம்பையே மறைக்கிற அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றபோது, மட்டை நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களும் இவர்கள்தான். அந்த அளவு இன்றைக்கும் மாறவில்லை. 1775-ல் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து, ஹாம்பிள்டன்காரர் ஜான் ஸ்மாலின், அப்போது இருந்த இரண்டே ஸ்டம்புக்கு நடுவே மூன்று முறை புகுந்து போயும் அவர் அவுட் இல்லை. அதற்கப்புறம்தான் மூன்றாவது ஸ்டம்ப் வந்தது.

இதையெல்லாம் தாராளமாக எழுதுங்கள், 'கண்டுபிடித்தது' என்பதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.