யெல்லோஸ்டோனுக்கு வழிகாட்டி எதுக்கு?

"கூகுள் மேப் இருக்கும்போது காசு கொடுத்து ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகணுமா?" நண்பர் ஒருவர் கேட்டார். நானும் முன்பு அந்தக் கட்சிதான். முதல் தடவை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போனபோது வாடகைக் கார், இரண்டே நாள், கையில் பதினாறு இடங்களின் பட்டியல். பாதி நேரம் பார்க்கிங் தேடினேன். மீதி நேரம் சாலையை மறித்து நிற்கும் பைசன் என்ற காட்டெருமை எப்போது நகரும் என்று உட்கார்ந்திருந்தேன். பதினாறும் டிக் அடித்தாயிற்று. என்ன பார்த்தாய் என்று கேட்டால் பதில் இல்லை.

இரண்டாவது தடவை வழிகாட்டியோடு பத்துப் பேர் வேன். ஆறு நாள், தெற்கே கிராண்ட் டீட்டன் மலைப் பூங்காவும் சேர்த்து. விலை கேட்டு வயிறு எரிந்தது உண்மை.

கெய்சர் என்றால் நமக்குக் குளியலறைதானே ஞாபகம் வரும்! இங்கே அது தரைக்குள்ளிருந்து வெந்நீரைப் பீறிட்டு அடிக்கும் ஊற்று. உலகத்தில் உள்ள கெய்சர்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே பூங்காவில் இருக்கின்றன. அதில் ஒன்றான ஓல்டு ஃபெய்த்ஃபுல் அடித்து முடிந்ததும் கூட்டம் கலைந்தது. எங்கள் வழிகாட்டி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரை நிமிஷத்துக்குள் ஓய்ந்தால் அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு மேல் நீடித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அடியில் எவ்வளவு தண்ணீர் காலியானதோ, அது மறுபடி நிரம்பிச் சூடேற அவ்வளவு நேரம் வேண்டும். முதல் தடவை அதே பெஞ்சில் உட்கார்ந்து நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் குளத்தைச் சுற்றியிருக்கும் ஆரஞ்சும் மஞ்சளும் வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம். இதே பூங்காவின் வெந்நீர் ஊற்றில் 1960-களில் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி கண்டெடுத்த பாக்டீரியாவின் நொதிதான் பிசிஆர் பரிசோதனையை எளிதாக்கியது. கோவிட் சமயத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பரிசோதனை. இதைக் கேட்டபின் அந்தக் குளத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. டீட்டன் மலைக்கு ஒன்றரை நாள்தான் கொடுத்தார்கள், அநியாயம். சாப்பாடு தினம் சாண்ட்விச். வெறுமனே வண்டி ஓட்டிக்கொண்டு போர்டில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற வழிகாட்டிகளும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு மேப்பே மேல். அதனால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வேனில் எத்தனை பேர்? விடியும் முன் கிளம்புவீர்களா?

இரண்டாவது கேள்வி பூங்காவுக்குள் ஓநாய் பார்க்கப் போகும் லமார் பள்ளத்தாக்குக்காக. 1926-க்குள் இங்கே ஓநாய்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வம்சத்தைப் பார்க்கத்தான் காலை நாலு மணிக்கு எழுப்பினார்கள். ஓநாய்க்கும் கரடிக்கும் 100 கெஜம், பைசனுக்கு 25 கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது விதி. ஓநாய்கள் அதைவிட வெகு தூரத்தில்தான் இருக்கும். முக்காலியில் பூட்டிய தொலைநோக்கி இல்லாமல் ஒன்றும் தெரியாது. முதல் நாள் இரண்டரை மணி நேரம் குளிரில் நின்றோம். வெறும் புல். தனியாகப் போயிருந்தால் கால் மணி நேரத்தில் வண்டியைத் திருப்பியிருப்பேன்.

மறுநாள் எதிர்ச்சரிவில் ஒரு சாம்பல் புள்ளி. ஓடியது, நின்று திரும்பிப் பார்த்தது, மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. மொத்தம் நாற்பது விநாடி இருக்கும். அந்த நேரம் பார்த்து என் மனைவி ஃபிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.