டெக்சாஸ் மாணவர் கொண்டுவந்தது வெடிகுண்டு அல்ல

2015இல் அமெரிக்க மாணவர் ஒருவர் பள்ளிக்கு வெடிகுண்டு கொண்டுவந்தார் என்றும், ஆகவே மாணவர்களின் மின்னணுச் செய்முறைகளையே தடுக்க வேண்டும் என்றும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்ப் பெற்றோரிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. டெக்சாஸ் மாநிலம் இர்விங் நகரில் அந்த 14 வயது மாணவரின் பெட்டியில் இருந்தது கடிகாரம்: மின்சுற்றுப் பலகை, கம்பிகள், எண்கள் ஒளிரும் திரை. வெடிமருந்து துளியும் இல்லை. அவருக்குக் கைவிலங்கிட்ட காவல்துறையே பின்னர் அவர்மீது வழக்குத் தொடரவில்லை.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. குண்டு என்று மெய்யாகவே அஞ்சினால் பள்ளியை உடனே காலிசெய்து வெடிகுண்டு நிபுணர்களை அழைக்க வேண்டும். அங்கோ கட்டடம் காலிசெய்யப்படவில்லை, ஆசிரியர் அதைத் தம்மிடமே வைத்திருந்தார். அத்தகைய அச்சம் இல்லாதபோது, பெற்றோருக்குச் சொல்லி, அறிவியல் ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு, "இது எப்படி இயங்குகிறது, சொல்லு தம்பி" என்று கேட்டிருக்கலாம்.