மூன்று உலோக நிறமும் சம அளவில் வேண்டாமே

கிறிஸ்துமஸ் மரத்தில் தங்கம், வெள்ளி, செம்பு மூன்று நிற அலங்கார உருண்டைகளையும் சம அளவில் தொங்கவிடலாம் என்கிறது நான் படித்த ஓர் அலங்காரக் கட்டுரை. போன வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. பாதிக்கு மேல் தங்கம், துணைக்குக் கொஞ்சம் செம்பு, வெள்ளி அங்கொன்றும் இங்கொன்றும் என்று மாற்றிய பிறகுதான் மரம் அடங்கியது.

அந்தக் கட்டுரையில் விளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? பாதி வேலை அதுதான்! 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) அளவில் மஞ்சள் கலந்த வெளிச்சம் என்றால் தங்கமும் செம்பும் ஜொலிக்கும். அதே உருண்டைகளுக்குப் பக்கத்தில் நீலம் தட்டும் வெள்ளை எல்.இ.டி. சரத்தைச் சுற்றினால் செம்பு சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். அங்கே வெள்ளிதான் எடுபடும். எல்லாமே பளபளத்தாலும் திகட்டும், நடுநடுவே மினுமினுப்பில்லாத மேட் உருண்டைகளும் இருக்கட்டும்.

அப்புறம், பழைய பெட்டியிலிருந்து வெள்ளி நிற அலங்கார இழைகளை (டின்சல்) எடுத்துத் தொங்கவிடுபவர்கள் கவனிக்கவும். அந்தக் காலத்து இழைகள் பலவற்றில் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் 1972 வாக்கில்தான் அதைக் கைவிட்டார்கள். இழை கனமாக, துவண்டு தொங்கினால் சந்தேகப்படுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.