ஆல்ப்ஹார்னின் 'ஃபா' சுருதிப் பிசகு அல்ல

சுவிஸ் ஆல்ப்ஹார்ன் (நீண்ட மர ஊதுகுழல்) ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்ட ஒருவர், கலைஞர் மத்யமத்தில் (மேற்கத்திய இசையில் 'ஃபா') சுருதி விலகுகிறார், பயிற்சி போதவில்லை என்று கருத்து எழுதியிருக்கிறார். அப்படியில்லைங்க. அந்த நீண்ட மரக்குழலில் துளையும் இல்லை, வால்வும் இல்லை. உதடு எழுப்பும் இயற்கை ஹார்மோனிக்குகள்தான் வரும், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 என்ற முழு மடங்குகள். எட்டாவதை ஸட்ஜமாக வைத்தால் பதினொன்றாவது 551 சென்ட்டில் விழுகிறது (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்). சுத்த மத்யமம் 498, பிரதி மத்யமம் ஏறக்குறைய 600; இது இரண்டுக்கும் நடுவில். அங்கே அதற்கு 'ஆல்ப்ஹார்ன் ஃபா' என்று தனிப்பெயரே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஸ்வரம்.

ஃபோனில் ஏதாவது டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 440 ஹெர்ட்ஸ் (கீபோர்டின் 'ஏ' ஸ்வரம்) வைத்துக் கேளுங்கள். பிறகு 605, அதாவது 440-இன் 11/8 மடங்கு. கீபோர்டில் அந்த ஏ-வுக்கு மேலே உள்ள டி 587, டி ஷார்ப் 622. இரண்டு கட்டையிலும் 605 கிடைக்காது. அதைக் கேட்டுவிட்டு அந்த ஆல்ப்ஹார்ன் ஒலிப்பதிவை மறுபடி போட்டுப் பாருங்கள்.